விமானத்தில் வந்த இருவருக்கு மாமா கட்டிய துணி

என் அம்மாவின் தம்பிக்குப் பெண் அமையாமல் போனதற்கு அம்மா ஒரே ஒரு காரணம்தான் சொல்வாள். பிணம் தொட்ட கைக்கு எவன் பெண் கொடுப்பான் என்பாள். மாமா அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் சவர்க்காரம் போட்டு முழங்கை வரைக்கும் கை கழுவிவிட்டு வந்து, என் தட்டில் இருக்கும் ரொட்டியில் பாதியைப் பிய்த்துக்கொள்வார். தோட்டத்தில் அவர் கவ்வாத்துக்காரர். உயர்ந்துபோன தேயிலைச் செடிகளை வளைந்த கத்தியால் முழங்கால் அளவுக்கு வெட்டிவிடுகிற வேலை. அந்த வேலைக்குச் சம்பளம் உண்டு. சாவு வீட்டில் அவர் பார்த்த வேலைக்குச் சம்பளமும் இல்லை, பெரிய மரியாதையும் இல்லை.

எங்கள் ஆட்களில் யாராவது செத்தால் உடம்பு விறைப்பதற்குள் கட்டுப் போட்டுவிட வேண்டும். வாய் திறந்துகொள்ளாமல் தாடையைத் தூக்கித் தலையோடு சேர்த்து ஒரு துணி. கைகள் விலகாமல் இரண்டு கட்டைவிரலையும் சேர்த்து ஒரு துணி. கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்து ஒரு துணி. எல்லாம் வெள்ளையாக இருக்க வேண்டும். வீட்டு ஆட்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுகிற நேரத்தில் இதை யார் செய்வது? வரிசை வீடுகளாக இருந்த எங்கள் மூன்று லயத்துக்கும் மாமாதான் செய்தார். செத்தவரோடு பேசிக்கொண்டே கட்டுவார். "கொஞ்சம் பொறுத்துக்கங்க அண்ணே, இந்தா முடிஞ்சிருச்சு" என்பார், ஏதோ அவருக்கு வலித்துவிடும் என்பது மாதிரி.

குழியில் இறக்குவதற்கு முன்னால் அந்தக் கட்டுகளை அவிழ்த்துவிட வேண்டும் என்பதும் முறை. கட்டோடு போகிறவருக்குப் போகிற இடத்தில் கையும் வராது காலும் வராது என்று சொல்வார்கள். அதனால் மாமா போடுகிற முடிச்சு, ஒரு நுனியைப் பிடித்து இழுத்தால் மொத்தமும் கழன்று வருகிற முடிச்சு. எனக்கும் அதைச் சொல்லித் தந்திருந்தார், இரண்டு தேயிலைக் குச்சிகளைச் சேர்த்து வைத்து. உயிரோடு இருக்கிறவர்கள் விரலில் மட்டும் விளையாட்டுக்குக்கூடப் போடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. வடக்கில் சண்டை நடந்துகொண்டிருந்தது. எங்கள் தோட்டம் மஸ்கெலியாவுக்கும் மேலே, பஸ் திரும்பிப் போகிற இடத்துக்கும் மேலே இருந்தது. அந்தச் சண்டைக்கும் உங்களுக்கும் எவ்வளவு தூரம் என்று யாராவது கேட்டால் நாங்கள் வரைபடத்தைக் காட்டுவோம். பொலிஸ்காரர்கள் எங்கள் பெயர்களைக் காட்டுவார்கள்.

அன்று பள்ளிக்கூட விடுமுறை. அம்மாவுக்குக் காய்ச்சல், வேலைக்குப் போகவில்லை. காலையிலிருந்தே பனிமூட்டம் இறங்கி, எதிர் லயத்துக் கூரைகூடத் தெரியவில்லை. எங்கோ மேலே ஒரு இரைச்சல் கேட்டது. லொறி மேட்டில் ஏறுகிற சத்தம் என்று அம்மா சொன்னாள். அது தலைக்கு மேலே வந்தபோது லொறி இல்லை என்று இருவருக்கும் தெரிந்தது. பிறகு மலையில் பெரிய கல் உருண்டு விழுந்த மாதிரி ஒரு சத்தம். அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. நாய்கள்கூடக் கொஞ்சம் தாமதித்துத்தான் குரைத்தன.

வெகுநேரம் கழித்து, மாமாவோடு கவ்வாத்து வெட்டுகிற ஒருவர் மூச்சிரைக்க ஓடி வந்து வாசலில் நின்றார்.

"அக்கா, வெள்ளத் துணி இருந்தா குடுங்க. ஒங்க தம்பி கேட்டுச்சு."

"யாரு போய்ட்டா?"

"நம்ம ஆளுங்க இல்லக்கா. பத்தாம் நம்பர் மலையில சின்ன ஏரோப்ளேன் ஒன்னு விழுந்திருச்சு. ரெண்டு பேரு."

வீட்டில் வெள்ளைத் துணி என்று இருந்தது எனக்குச் சின்னதாகிப்போன பழைய பள்ளிக்கூடக் கவுண் ஒன்றுதான். அரசாங்கம் எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசமாகக் கொடுத்த துணியில் தைத்தது. அம்மா அதைப் பல்லால் கடித்து நீள நீளமாகக் கிழித்தாள். நான் அந்தத் துண்டுகளை மார்போடு அணைத்துக்கொண்டு அந்த ஆளின் பின்னால் ஓடினேன். என் கவுண் துணி விமானத்தில் வந்தவர்களுக்குப் போகிறது என்பதில் எனக்குப் பெருமையாகவே இருந்தது. அப்படி நினைத்ததற்காக இப்போது வெட்கப்படுவதற்கும் ஒன்றுமில்லை, வயது அப்படி.

விமானத்தை என்னால் சரியாகப் பார்க்க முடியவில்லை. மூட்டத்துக்குள் ஒரு வெள்ளை இறக்கை செடிகளின் மேல் சாய்ந்து கிடந்தது மட்டும் தெரிந்தது. பெட்ரோல் வாடை மூக்கை அடைத்தது. இரண்டு பேரையும் இருக்கைப் பட்டிகளைக் கவ்வாத்துக் கத்தியால் அறுத்து வெளியே எடுத்து, கொழுந்து பறிக்கிற பெண்கள் இடுப்பில் கட்டும் படங்குச் சாக்குகளை ஈரத் தரையில் விரித்து, நிழல் மரம் ஒன்றின் கீழே கிடத்தியிருந்தார்கள். ஒருவர் தலை நரைத்தவர், விழுந்த உடனேயே போய்விட்டாராம். மற்றவன் விமானம் ஓட்டப் பழகுகிற பையன். அவனுக்குக் கொஞ்ச நேரம் உயிர் இருந்திருக்கிறது. சிங்களத்தில் தண்ணீர் கேட்டிருக்கிறான். மாமா தன் போத்தலில் இருந்த பால் கலக்காத சாயத் தண்ணீரை அவன் வாயில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றியிருக்கிறார். மாமாவின் மடியில்தான் அவன் தலை சாய்ந்தது.

தோட்டத்தை நடத்துகிற துரையின் பங்களாவிலிருந்து பொலிசுக்கு ஃபோன் போய்விட்டது, ஆனால் யாரும் வருகிறதாகக் காணோம். வேலையை மேற்பார்க்கிற கங்காணி தயங்கினார். பெரிய இடத்து ஆட்கள், அவர்கள் வந்து பார்க்கட்டும், தொடாமல் இருப்போம் என்றார். மாமா கேட்கவில்லை.

"வெறச்சுப் போச்சுன்னா அப்புறம் முடியாதுங்க. யாரு பெத்த புள்ளைங்களோ, இப்பிடி வாயத் தொறந்தபடியா போட்டு வைக்கிறது?"

பெரியவருக்குக் கட்டி முடித்துவிட்டுப் பையனின் சப்பாத்துகளைக் கழற்றினார். காலுறையில் பெருவிரல் பக்கம் ஒரு சின்ன ஓட்டை இருந்தது. காலுறைகளைச் சுருட்டிச் சப்பாத்துக்குள் வைத்து, சப்பாத்துகளைத் தலைமாட்டில் ஒழுங்காக வைத்தார். பிறகு வாய், கை, கால் என்று கட்டினார். "இந்தா முடிஞ்சிருச்சு தம்பி" என்று அவனிடமும் தமிழில்தான் சொன்னார். பெண்கள் சிலர் ஒப்பாரி வைத்தார்கள். பெயர் தெரியாததால் ராசா, ராசா என்றே அழுதார்கள்.

பொலிஸ் வரச் சாயங்காலம் ஆனது. இராணுவமும் சேர்ந்து வருவதற்காகக் காத்திருந்தார்களாம். விமானத்தை யாராவது சுட்டிருக்கலாம், மேலே போனால் தங்களையும் சுடுவார்கள் என்று அவர்களுக்குப் பயம். அதற்குள் மாமா வீட்டுக்கு வந்து குளித்து, பொங்கலுக்கு எடுத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு திரும்ப மேலே போனார். அதிகாரிகள் வருவார்கள், நாலு நல்ல வார்த்தை சொல்வார்கள், அழுக்கோடு நிற்கக்கூடாது என்று அவர் நினைத்தார். அம்மாகூட அவர் தலையைச் சீவிவிட்டாள்.

இப்போது யோசித்தால் அவர்கள் பார்த்தது என்னவென்று எனக்குத் தெரிகிறது. துவக்குகளை நீட்டிக்கொண்டு ஒரு கூட்டம் பயந்து பயந்து மலையேறி வருகிறது. மூட்டத்துக்குள் தமிழ் பேசுகிற ஆண்கள் நிற்கிறார்கள், எல்லோர் கையிலும் கத்தி. தரையில் இரண்டு சிங்கள உடல்கள். வாய் கட்டியிருக்கிறது. கை கட்டியிருக்கிறது. காலும் கட்டியிருக்கிறது.

பொலிஸ் அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. மாமாவுக்குக் கடைத்தெருச் சிங்களம்தான் தெரியும். அதனால் எங்கள் பள்ளிக்கூடத்து சாரை அழைத்து வந்தார்கள். யாழ்ப்பாணத்துக்காரர், தனியாகக் குவார்ட்டஸில் இருந்தார். உடல்களைப் பார்த்ததும் சாருக்கு விளங்கிவிட்டது. மாமாவின் பக்கம் குனிந்து, "தம்பி, கேக்கிறதுக்கு மட்டும் பதில் சொல்லும், கூடக் கதையாதையும்" என்றார்.

"நல்லதுதானே சார் செஞ்சேன், இதுல மறைக்க என்னா இருக்கு?" என்றார் மாமா.

யார் கட்டியது என்று கேட்டார்கள். நான்தாங்க என்றார். கண்டபோது உயிர் இருந்ததா என்று கேட்டார்கள். "சின்னவருக்கு இருந்துச்சுங்க. தண்ணி கேட்டாரு, குடுத்தேன்" என்றார். சார் அதைச் சிங்களத்தில் சொல்லத் தொடங்கி நடுவில் நிறுத்தினார். அதிகாரி, சொல் என்றார். சார் சொல்லிவிட்டு, இது இவர்களுடைய முறை, செத்த பிறகு செய்வது என்று விளக்கப் பார்த்தார். அதிகாரி அவருடைய அடையாள அட்டையைக் கேட்டார். பிறந்த ஊரை வாசித்தார். அதோடு விளக்கம் நின்றுவிட்டது.

மாமாவுக்கு அப்போதும் உறைக்கவில்லை. முடிச்சைப் பற்றித்தான் அவர்களுக்குச் சந்தேகம் என்று நினைத்து, இரண்டு குச்சிகளை ஒடித்து, மிச்சமிருந்த துணியால் கட்டிக் காட்டினார். நுனியை இழுத்துக் கழற்றியும் காட்டினார். அதிகாரி முகத்தில் அக்கறை தெரிந்தது. இன்னொரு தடவை செய்யச் சொல்லி அதைப் படம் எடுக்க வைத்தார். மாமா கொஞ்சம் நிமிர்ந்தே நின்றார், படம் எடுக்கிறார்களே என்று.

மாமாவை ஜீப்பில் ஏற்றியபோதுதான் அம்மா வந்து சேர்ந்தாள். மாமா அவளிடம் சொன்னது இவ்வளவுதான். "காலையில வந்துருவேன்க்கா. அந்தப் புள்ளைங்களப் பொதைக்கிறதுக்கு முன்னாடி கட்ட அவுக்கணும்னு யாருக்கிட்டயாவது சொல்லி விடு. அவங்களுக்குத் தெரியாது."

அடுத்து வந்தவர்கள் வேறு ஆட்கள். விமானம் ஏன் விழுந்தது என்று பார்க்கிறவர்கள், கொழும்பிலிருந்து வந்தார்கள். நல்ல மனிதர்கள். எங்களுக்கு பிஸ்கட் கொடுத்தார்கள். உடைந்த துண்டு ஒவ்வொன்றையும் தொட்டு, அளந்து, சாக்குப் போட்டுச் சுற்றிக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிப் போனார்கள். அந்த ஆட்களில் பெரியவர், விமானம் மூட்டத்தை விட்டு வெளியே வந்ததை யாராவது கண்ணால் பார்த்தீர்களா, இயந்திரம் ஒழுங்காக ஓடினதா என்று கேட்டார்.

"பார்த்தது என் மச்சான் ஒருத்தன்தாங்க. அவன நீங்கதானே புடிச்சு வச்சிருக்கீங்க" என்றார் அப்பா.

அது நாங்கள் இல்லை, பொலிஸ் என்றார் அவர். உண்மையிலேயே வருத்தப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன். எல்லாத் துண்டுகளையும் லொறியில் ஏற்றிப் போய், இயந்திரத்தில் பழுதில்லை, மூட்டத்தில் மலை தெரியாமல் மோதியிருக்கிறது என்று முடிவு சொன்னார்கள். துரை அதைக் கங்காணியிடம் சொல்ல, கங்காணி எங்களிடம் சொன்னார். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு எழுந்தாள். யாரும் சுடவில்லை என்று தெரிந்துவிட்டதே, இனித் தம்பியை விட்டுவிடுவார்கள் என்றாள். விடவில்லை. பையன் கொஞ்ச நேரம் உயிரோடு இருந்தான் என்று அறுத்துப் பார்த்த டொக்டரும் எழுதியிருந்தாராம். உயிரோடு இருந்தவனை ஏன் கட்டினாய் என்பதுதான் இப்போது கேள்வி. மாமாவைக் கீழ்நாட்டில் ஏதோ ஒரு முகாமுக்கு மாற்றிவிட்டார்கள். அப்பாவும் அம்மாவும் ஹட்டனுக்கும் அதற்கு அப்பாலும் பஸ் பஸ்ஸாக அலைந்தார்கள். விசாரணை நடக்கிறது என்றார்கள், எல்லா இடத்திலும்.

ஒருநாள் அந்தப் பையனின் தகப்பனார் எங்கள் லயத்தைத் தேடி வந்தார். வெள்ளைச் சாரம், வெள்ளைச் சட்டை, கையில் பூ. மகன் விழுந்த இடத்தைப் பார்த்துவிட்டு இறங்கி வந்திருந்தார். எங்கள் காம்பராவில் இருந்த ஒரே நாற்காலியில் உட்காரச் சொன்னோம். அவர் உட்காரவில்லை. மகனுடைய விரலில் அடையாளம் இருந்தது என்று சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார். பெட்டியில் கிடந்தபோது பார்த்தாராம். உயிரோடு இருந்தபோது கட்டினார்களா? அதைக் கேட்கத்தான் அவர் அவ்வளவு தூரம் ஏறி வந்திருந்தார்.

அம்மாவின் சிங்களம் அந்தக் கேள்விக்குப் போதவில்லை. கொஞ்சம் சொன்னாள், திணறினாள். அப்புறம் பேச்சை விட்டுவிட்டு அவர் முன்னால் தரையில் மல்லாந்து படுத்தாள். தன் முந்தானை ஓரத்தைக் கிழித்துத் தாடைக்குக் கீழே கொடுத்துத் தலையில் தானே கட்டிக்கொண்டாள். கட்டைவிரல்களைச் சேர்த்து அப்பாவிடம் நீட்டினாள்.

"உசுரோட இருக்கவளுக்கா கட்டச் சொல்ற? அந்தப் பாவத்த நான் செய்ய மாட்டேன்" என்று அப்பா வாசலுக்குப் போய்விட்டார்.

அம்மா என்னைப் பார்த்தாள். சேர்த்த விரல்களை என் பக்கம் நீட்டினாள். நான் போய்க் கட்டினேன், கைக்கும் காலுக்கும், மாமா சொல்லித் தந்த முடிச்சு. அம்மா கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் கிடந்தாள், அழுகை மட்டும் காதுப் பக்கமாக வழிந்தது.

அந்த மனிதர் வெகுநேரம் நின்று பார்த்தார். பிறகு மண்டி போட்டு, அம்மாவின் கட்டைவிரல் துணியின் நுனியை இரண்டு விரலால் பிடித்து இழுத்தார். முடிச்சு அப்படியே கழன்று வந்தது. அந்தத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் அழுதார். நான் ஒரு ஆண் அப்படி அழுது அதுவரை பார்த்ததில்லை. அம்மா எழுந்து, என் தம்பி கேட்கச் சொன்னான், கட்டை அவிழ்த்துத்தானே அடக்கம் செய்தீர்கள் என்று தனக்குத் தெரிந்த சொற்களை வைத்துக் கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டினார். பொலிஸில் போய்ச் சொல்கிறேன், என் வாயால் சொல்கிறேன் என்றார். அவர் சொல்லியிருப்பார் என்றுதான் இன்றைக்கும் நம்புகிறேன். மகனைப் பறிகொடுத்த தகப்பன் சொல்லியும் கேட்கவில்லை என்று நினைப்பது கஷ்டம்தான். அவர் சொல்லாமல் விட்டுவிட்டார் என்று நினைப்பது அதைவிடக் கஷ்டம்.

இரண்டு வருடம் கழித்து மாமா வந்தார். எந்த முடிவும் சொல்லவில்லை. வழக்கு இல்லை, குற்றம் இல்லை, குற்றமில்லை என்றும் யாரும் சொல்லவில்லை. விழுந்த விமானத்துக்கு ஏன் விழுந்தது என்று ஒரு பதிலாவது கிடைத்தது. மாமா பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து வந்தார், அவ்வளவுதான்.

அவர் மெலிந்திருந்தார், இருமினார். கவ்வாத்துக்குப் போகவில்லை. இரண்டு கட்டைவிரலும் அவருக்கு மடங்கவில்லை. மணிக்கட்டுப் பக்கம் தோல் கறுத்துத் தடித்திருந்தது. ரொட்டியைப் பிய்க்க முடியாமல் தட்டைப் பார்த்துக்கொண்டு இருப்பார். நான் பிய்த்துக் கொடுப்பேன், கூலியாகப் பாதியை எடுத்துக்கொள்வேன். அவர் சிரிப்பார். விரலுக்கு என்ன ஆனது என்று கேட்டேன். "கத்தி புடிச்சுப் புடிச்சு மரத்துப் போச்சும்மா" என்றார். எல்லாக் கவ்வாத்துக்காரர்களுக்கும் ஒருநாள் அப்படி ஆகும் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். மற்றவர்களின் விரல்களைக்கூடக் கொஞ்ச நாள் கவனித்துப் பார்த்தேன்.

லயத்தில் சாவு விழுந்தால் இப்போது அவரைக் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டாலும் போயிருக்க மாட்டார். அவருக்குப் பதிலாகக் கட்டினவர்கள் சும்மா பேருக்குத்தான் கட்டினார்கள். அந்த வருடம் மழை விடாமல் பெய்தபோது அவருக்கு இருமல் முற்றி, ஒரு பகல் நேரம், அம்மா கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோதே போய்விட்டார்.

எல்லோரும் வந்து கூடினார்கள். அழுதார்கள். நேரம் போய்க்கொண்டிருந்தது. மாமாவின் வாய் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துகொண்டது. கைகள் இரண்டு பக்கமும் விலகிக் கிடந்தன. யாராவது கட்டுங்கப்பா, விறைத்துவிடப் போகிறது என்று ஒரு கிழவர் முணுமுணுத்தார். யாரும் அசையவில்லை, எல்லோரும் அம்மாவையே பார்த்தார்கள். துக்கத்தில் எல்லோருக்கும் முறை மறந்துவிட்டது என்று நான் நினைத்தேன். துணிப் பெட்டியைத் திறந்து, என் புதுப் பள்ளிக்கூடக் கவுணை எடுத்துவந்தேன். அதைக் கிழித்தால் அடி விழும் என்று தெரியும், இருந்தாலும் மாமாவுக்கு என்பதால் பரவாயில்லை. அந்த முடிச்சு அங்கே இருந்தவர்களில் எனக்கு மட்டும்தான் ஒழுங்காகத் தெரியும்.

மாமாவின் கையைச் சேர்த்துப் பிடித்தேன். அம்மா எட்டித் துணியைப் பறித்தாள்.

"என் தம்பியக் கட்டுனது போதும்" என்றாள்.

துணியைச் சுருட்டித் தனக்குக் கீழே போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். மாமாவை அப்படியே, திறந்த வாயோடு கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள். குழிமேட்டில் அவிழ்ப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

எனக்கு அம்மா மேல் கோபம் கோபமாக வந்தது. ஊரில் செத்தவர்களையெல்லாம், விமானத்தோடு விழுந்தவர்களைக்கூட, மாமா கட்டினார். மாமாவை யார் எப்போது கட்டினார்கள், அவள் போதும் என்று சொல்வதற்கு?